வியட்நாமுக்கு வெகு முன்னால்

அமெரிக்கப் போர்க்கதைகளைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் வியட்நாமில்தான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். அதுவரை வீரத்தையும் தியாகத்தையும் பாடிக்கொண்டிருந்த எழுத்து, அங்கே அடிபட்ட பிறகுதான் உண்மை பேசியதாம். டிம் ஓ'பிரையனின் ‘தி திங்ஸ் தே கேரிட்’ (1990) இந்தக் கட்சியின் வேதநூல். பழைய புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உள்நாட்டுப் போரையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீபன் கிரேன் பிறந்ததே போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். போர்க்களத்தைப் பார்க்காமலே 1895இல் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ எழுதிப் புகழ் அள்ளினார். ஷைலோவில் போரிட்டு, 1864இல் கென்னசா மலையில் தலையில் குண்டடி பட்ட ஆம்ப்ரோஸ் பியர்ஸை ஓரிரு கதைகளோடு மறந்துவிட்டோம். அவருடைய ‘சிக்கமாகா’வில், காது கேளாத சிறுவன் ஒருவன், ஊர்ந்து வரும் குற்றுயிர்ச் சிப்பாய்களைத் தன் படையென்று எண்ணி, மரவாளை ஏந்தி முன்னே நடக்கிறான். இதற்கு மேல் வியட்நாம் என்ன கற்றுக்கொடுத்தது?

முதல் உலகப் போர் என்றதும் ஹெமிங்வே, டாஸ் பாசோஸ், கம்மிங்ஸ் என்று பட்டியல் வரும். மூவரும் ஆம்புலன்ஸ் தொண்டர்களாகப் போனவர்கள். காலாட்படையின் சேற்றிலிருந்து வந்த வில்லியம் மார்ச்சின் பெயர் அந்தப் பட்டியலில் அபூர்வம்.

1893இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்த மார்ச், மரீன் படையில் சேர்ந்து 1918இல் பிரான்ஸின் பெல்லோ காட்டுச் சண்டையில் இருந்தவர். டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ், நேவி கிராஸ் என்று பதக்கங்களோடு திரும்பி, கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். 1933இல் வந்த அவருடைய ‘கம்பெனி கே’யில் கதாநாயகன் என்று யாரும் இல்லை. 113 சிப்பாய்கள் ஆளுக்கு ஓரிரு பக்கம் பேசிவிட்டுப் போகிறார்கள். சிலர் செத்த பிறகும் பேசுகிறார்கள்.

சரணடைந்த ஜெர்மானியர்களைச் சுட்டுத்தள்ளும் இடம்தான் நாவலின் நடுநரம்பு. கட்டளை கேப்டனிடமிருந்து கீழே இறங்குகிறது. கார்ப்பரல் அதற்கு நியாயம் சொல்கிறான். ஒருவன் முடியாதென்று ஓடிவிடுகிறான். இன்னொருவன் சுட்டுவிட்டு, தனக்கு இதுவரை போதிக்கப்பட்ட நீதியெல்லாம் பொய்யென்று உணர்கிறான். மார்ச் யாரையும் தண்டிப்பதில்லை, மன்னிப்பதுமில்லை. முதல் பக்கத்திலேயே, கதை சொல்லியின் மனைவி இந்தப் பகுதியை எடுத்துவிடலாமே என்கிறாள். வாசகர்கள் என்ன சொல்வார்கள் என்று மார்ச்சுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இறந்தவர் வீடுகளுக்கு அனுதாபக் கடிதம் எழுதும் சிப்பாய், ஒரு தாய்க்கு மட்டும் உண்மையை எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போடுகிறான். முள்வேலியில் சிக்கிச் சாகும் இன்னொருவன், தன் பிணத்தை வைத்து யாரும் மேடைப் பேச்சு பேசக் கூடாதென்று அடையாளங்களை எல்லாம் வீசியெறிகிறான். அத்தியாயத்தின் தலைப்பு ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’. அடையாளம் தெரியாமல் இறந்தவனுக்கென்று செய்யும் அரசு மரியாதை யாருக்குப் போய்ச் சேரும் என்பதை மார்ச் சொல்லவே இல்லை, தலைப்போடு விட்டுவிட்டார். தேர்ந்த கைக்கே வரும் குரூரம் இது.

இரண்டாம் உலகப் போரில் மெய்லர், ஹெல்லர், வானகட் எல்லாம் நாம் அறிந்தவர்களே. மார்ச்சின் பாதையில் நடந்தவர் ‘தி தின் ரெட் லைன்’ (1962) எழுதிய ஜேம்ஸ் ஜோன்ஸ். அவரும் ஒரு முழுக் கம்பெனியையே பாத்திரமாக்கினார்.

ஓ'பிரையன் மோசமான எழுத்தாளர் அல்ல. ஆனால் டிம் என்ற பெயரிலேயே ஒரு கதைசொல்லியை வைத்து, நடந்ததா நடக்கவில்லையா என்று அவர் ஆடிய சாமர்த்திய விளையாட்டு, பின்னால் வந்தவர்களுக்கு எளிய சூத்திரமாகிவிட்டது. போர், நுண்ணுணர்வு மிக்க ஓர் இளைஞனின் மனக்காயமாகச் சுருங்கியது. கெவின் பவர்ஸின் ‘தி யெல்லோ பேர்ட்ஸ்’ (2012) அந்தச் சுருக்கத்தின் அழகான, சலிப்பூட்டும் உச்சம்.

ஈராக்கிலிருந்து திரும்பிய மரீன் அதிகாரி பில் கிளே, 2014இல் தேசிய புத்தக விருது பெற்ற ‘ரீடெப்ளாய்மென்ட்’டின் 12 கதைகளையும் வெவ்வேறு வாய்களில் சொல்லவைத்தார். பாதிரியார் பேசுகிறார், பிணங்களைக் கையாளும் பிரிவில் இருந்தவன் பேசுகிறான். இதைப் புதுமை என்று கொண்டாடிய மதிப்புரையாளர்கள் மார்ச்சைப் படித்திருந்தால், கிளேயிடம் கேட்க வேண்டிய கேள்வியும் கிடைத்திருக்கும். மார்ச்சின் நாவலில் துப்பாக்கிக் கத்தியால் குத்தப்பட்ட ஜெர்மானிய இளைஞன் ஆவியாக வந்தாவது தன்னைக் கொன்றவனிடம் பேசுகிறான். கிளேயின் 12 பேரும் அமெரிக்கர்கள்.