நிலைத்த சிலையும் நிலையாத சிலையும்

சிலை நாட்டுவோர் காலத்தை வெல்லவே நாட்டுகிறார்கள். கல்லிலே செதுக்குவதும் வெண்கலத்திலே வார்ப்பதும் வருங்காலத்துக்கு ஆணையிடுவதற்குத்தான். “எங்களுக்குப் பெரியவராகத் தோன்றியவர் உங்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் பெரியவராகவே இருக்க வேண்டும்” என்பதே பீடத்தின் பேச்சு. பழமையானது என்பதற்காகவே ஒரு கருத்தை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் நாம், நெடுநாள் நிற்கிறது என்பதற்காகவே ஒரு சிலையை உயர்ந்தது என்று ஒப்பலாமா? இரண்டே மாதம் நின்றுவிட்டுக் கலைந்துபோகும் சிற்பத்தை, திருவிழாப் பந்தல் என்று தள்ளிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஏற்ற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலே, சான் ஹசின்டோ மலையடிவாரத்திலே இருக்கும் பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன நகரம் அது. அங்கே நின்ற மூன்று சிலைகளை இங்கே ஆராய்வோம். ஒன்று, என்றென்றும் நிற்பதற்கென்று நாட்டப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது. மற்றொன்று, தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு வந்து, நடுத்தெருவிலே நிலைகொண்டது. மூன்றாவது, இரண்டு மாதம் மட்டுமே நின்றது; சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சென்றது. மூன்றில் எது வலியது என்று பார்க்குமுன், அவை நின்ற மண்ணின் கதையை அறிந்தாக வேண்டும்.

அந்நகரிலே வெந்நீர் ஊற்று உண்டு. ஊற்றுக்கு உரியவர்கள் கவ்வியா என்னும் தொல்குடியினர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு ‘அகுவா காலியண்டே’ என்று பெயர். ஸ்பானிய மொழியிலே வெந்நீர் என்பது பொருள். இருப்புப்பாதை போட்ட நிறுவனத்துக்கு அந்த வட்டாரத்து நிலத்தை அரசு சதுர மைல் சதுர மைலாகக் கூறுபோட்டு, ஒற்றைப்படை எண்ணுள்ள கூறுகளை அளித்தது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் குடியரசுத் தலைவர்கள் பிறப்பித்த ஆணைகளின்படி இரட்டைப்படைக் கூறுகளிற் பல அத்தொல்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும்போல அமைந்தது நிலம். ஆட்டத்தை ஆடியவர்கள் மட்டும் வேறு!

அந்தக் கூறுகளிலே ‘பிரிவு 14’ என்பது நகரின் நெஞ்சிலே அமைந்த ஒரு சதுர மைல். நிலம் தொல்குடியினருடையது. ஆனால் அதை நெடுநாள் குத்தகைக்கு விட அன்றைய சட்டம் இடந்தரவில்லை. நெடுங்குத்தகை இல்லாத இடத்திலே மாடமாளிகை எழுமா? எழவில்லை. எழுந்தவை ஏழைகளின் சிறு வீடுகள். ஹாலிவுட் நடிகர்கள் ஓய்வெடுக்க வந்த விடுதிகளிலே துணி துவைத்தவர்கள், தோட்டம் பராமரித்தவர்கள், கட்டடம் கட்டியவர்கள் அங்கே குடியிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்களும் மெக்சிக வழிவந்த மக்களும் ஆவர். நகரின் மற்றப் பகுதிகளிலே நிறவெறி அவர்களுக்குக் கதவடைத்திருந்தது.

1959ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகைக்குச் சட்டம் வழி திறந்தது. அன்றே நிலத்தின் விலை ஏறியது. அதில் வாழ்ந்த மனிதரின் விலை இறங்கியது! குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தீயை அணைக்க வேண்டிய தீயணைப்புத் துறையே வீடுகளை எரித்தது. 1950களின் நடுவிலே தொடங்கிய வெளியேற்றம் 1960களின் நடுப்பகுதிவரை நீடித்தது. 1968ஆம் ஆண்டு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் அறிக்கை, இது நகராட்சியே திட்டமிட்டு நடத்திய பேரழிவு என்று கடுமையாகச் சாடியது. நில உடைமையாளரான தொல்குடியினரும் தப்பவில்லை. அவர்களுடைய சொத்துக்குக் காப்பாளர் என்று நீதிமன்றம் அமர்த்தியோரிலே பலர், காவலின் பெயரால் கொள்ளையடித்தனர். அதை வெளிக்கொணர்ந்த ரிவர்சைடு நகரத்து நாளேடு அதே 1968இல் புலிட்சர் பரிசு பெற்றது.

பாலை என்னும் திணைக்குப் பிரிவையே உரிப்பொருளாக வகுத்தனர் நம் புலவர். இந்தப் பாலையிலும் பிரிவுதான். ஆனால் இது தலைவன் தலைவியைப் பிரிந்த பிரிவு அன்று. குடியிருந்தவனிடமிருந்து குடிசையைப் பிரித்த பிரிவு.

இனிச் சிலைகளுக்கு வருவோம்.

1990ஆம் ஆண்டு நகர மன்றக் கட்டடத்தின் முன்னே குதிரைமேல் அமர்ந்த ஒருவரின் சிலை நாட்டப்பட்டது. ஃபிராங்க் போகர்ட் என்பது அவர் பெயர். 1958 முதல் 1966 வரை நகரத் தலைவராக இருந்தவர். 1980களிலும் அப்பதவியை வகித்தவர். வீடுகள் எரிந்த ஆண்டுகளிலே ஆட்சியில் இருந்தவர் குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருந்தார். வீடிழந்தவர்களின் பிள்ளைகள் நகர மன்றத்துக்கு மனு கொடுக்கப் போனாலும் அவரைக் கடந்துதான் போக வேண்டும். சிற்பம் என்ற அளவிலே அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் சிலையின் பொருள் சிற்பியின் உளியோடு முடிவதில்லை. அது நிற்கும் வாயிலும் அதன் பொருளிலே சேரும். 2022ஆம் ஆண்டு ஜூலையில் அச்சிலை அகற்றப்பட்டது. ஆதரவாளர்கள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. என்றென்றைக்கும் என்று நாட்டியது, முப்பத்திரண்டு ஆண்டுகளில் முடிந்தது.

இரண்டாவது, நடிகை மர்லின் மன்றோவின் 26 அடிச் சிலை. சிற்பி சூவர்ட் ஜான்சன். 1955இல் வெளிவந்த படமொன்றிலே காற்றில் பாவாடை பறக்க நிற்பாரே, அந்தத் தோற்றம். 2012 முதல் 2014 வரை அந்நகரில் நின்று, வேற்றூர் சென்று, 2021இல் திரும்பி வந்தது. நகரின் கலைக்கூடத்தருகே தெருவை அடைத்து நிறுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், வணிகம் வளரும் என்பது வாதம். கலைக்கூடத்தை விட்டு வெளியே வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் காண்பது அந்தச் சிலையின் பின்புறமும் உள்ளாடையுமா என்று கேட்டனர் எதிர்த்தோர். பெண்ணொருத்தியின் உடலைக் கடைப்பலகையாக்கி, அதைக் கலை என்று அழைப்பது எந்தப் பண்பாடு?

வழக்கு எழுந்தது. தற்காலிகமாகத் தெருவை அடைக்க நகராட்சிக்கு உரிமை உண்டு என்பதே சிலைத் தரப்பின் கேடயம். 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேடயத்தைத் தட்டிவிட்டது. ஊர்வலத்துக்கும் தெருவிழாவுக்கும் சிறிது நேரம் அடைக்கலாம். நடுத்தெருவிலே சிலை வைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் அடைப்பதைச் சட்டம் கருதவில்லை என்று சொல்லி, வழக்கு தொடர வழிவிட்டது. பணம் படைத்தோர் கையிலே ‘தற்காலிகம்’ என்ற சொல் ஆண்டுக்கணக்கில் நீளுகிறது. பிரிவு 14இன் ஏழைகளுக்கோ அதே சொல், எந்த நாளிலும் வெளியேற்றப்படலாம் என்று பொருள்பட்டது. ஒரே சொல், இரு நீதி!

மூன்றாவது சிற்பமே இக்கட்டுரையின் நாயகம். ‘டெசர்ட் எக்ஸ்’ என்னும் கண்காட்சி 2017 முதல் ஈராண்டுக்கொரு முறை அந்தப் பள்ளத்தாக்கிலே நடைபெறுகிறது. கூரையில்லை, நுழைவுக் கட்டணமில்லை. வெட்டவெளியிலே படைப்புகள் சில வாரங்கள் நிற்கும், பின்னர் கலைக்கப்படும். 2021 மார்ச் 12 முதல் மே 16 வரை நடந்த கண்காட்சியிலே, நகரின் நுழைவாயிலில் உள்ள பயணிகள் நிலையத்தருகே வெள்ளை எழுத்துகள் எழுந்தன. எழுத்தொன்று ஏறத்தாழ 45 அடி. ‘இந்தியன் லேண்ட்’ என்பதே வாசகம். கொலம்பஸ் செய்த பிழையால் இந்தியர் என்று பெயர் சூட்டப்பட்ட தொல்குடியினரின் நிலம் இது என்பது பொருள். ‘என்றும் மறவாதே’ என்பது படைப்பின் பெயர். படைத்தவர் நிக்கோலஸ் கலானின். அலாஸ்காவின் டிலிங்கிட் தொல்குடியிலே 1979இல் பிறந்தவர்.

எழுத்தை எழுதி நிறுத்துவது சிற்பமாகுமா என்று கேட்போருக்கு விடை, அந்த எழுத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. ஹாலிவுட் மலைமேலுள்ள புகழ்பெற்ற வெள்ளை எழுத்துகளின் சாயலிலே அவற்றை அமைத்தார் கலானின். அந்த ஹாலிவுட் எழுத்துகள் 1923இல் முதலில் எழுந்தபோது ‘ஹாலிவுட்லேண்ட்’ என்றிருந்தன. கலைச்சின்னமா அது? இல்லை, மனை விற்பனை விளம்பரம்! ஒன்றரை ஆண்டு நின்றால் போதும் என்று கட்டியது. 1949இல் ‘லேண்ட்’ என்னும் பகுதி நீக்கப்பட்டது. எஞ்சியது உலகின் அடையாளமாயிற்று. நிலத்தை விற்க எழுந்த எழுத்தின் வடிவத்தைக் கொண்டே, அந்த நிலம் யாருடையது என்று கேட்டார் கலானின். உதிர்ந்துபோன ‘நிலம்’ என்ற சொல்லை மீண்டும் நிறுத்தினார். எதிரியின் பறையை வாங்கி எதிரியின் வாசலிலேயே அறைந்ததைப் போன்ற நுட்பம் இது. அதோடு நில்லாமல், நிலத்தை மீட்டுத் தொல்குடியினரிடம் சேர்க்க நிதி திரட்டும் முயற்சியையும் படைப்போடு பிணைத்தார்.

அதே ஆண்டு, நகரின் வடபகுதியிலே கறுப்பின மக்கள் வாழும் டெசர்ட் ஹைலண்டிலுள்ள சமூக நிலையத்தருகே இன்னொரு படைப்பு நின்றது. அவர்களுள் பிரிவு 14இலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களும் உண்டு. கானா நாட்டு இளங்கலைஞர் செர்ஜ் அட்டுக்வே கிளாட்டி, மஞ்சள் நிற நெகிழிக் குடங்களை வெட்டித் துண்டுகளைக் கோத்துப் பெருங்கனசதுரங்களாக அமைத்தார். சமையல் எண்ணெய் நிரப்பி ஐரோப்பாவிலிருந்து கானாவுக்கு வந்த குடங்கள் அவை. எண்ணெய் தீர்ந்தபின் தண்ணீர்ப் பஞ்சத்திலே மக்களின் தலைமேல் ஏறின. படைப்பின் பெயர் ‘வேண்டுதல் கிணறு’. காசு போட்டு வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ள மூடநம்பிக்கை. வேண்டுதலால் தண்ணீர் வருமா? சுமப்பவர் தலையால் வரும். சட்டத்தின் துணையால் வரும். அப்பள்ளத்தாக்கிலே நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ஃப் திடல்கள் பச்சைப் பசேலென்று கிடக்கின்றன. நிலத்தடி நீரிலும் தமக்கு உரிமை உண்டு என்பதை நிலைநாட்ட அகுவா காலியண்டே மக்கள் 2013இல் வழக்காட வேண்டியிருந்தது. 2017இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. குடத்தை அந்த மண்ணிலே வைத்ததுதான் அப்படைப்பின் அறிவு.

இதற்காகக் கண்காட்சி முழுவதையும் தலைமேல் தூக்கிவைக்க வேண்டியதில்லை. 2017இல் டக் எய்ட்கன் எழுப்பிய கண்ணாடி வீடு பெரும் புகழ் பெற்றது. அழகு உண்டு; ஆனால் பார்ப்பவனுக்கு அவன் முகத்தையும் பின்னாலிருந்த மலையையும் காட்டியதற்கு மேல் அது எதைக் கேட்டது? கண்காட்சியை நடத்துவோர் சவூதி அரசின் ஆணையத்தோடு சேர்ந்து 2020இல் அல் உலாவிலே இன்னொரு கண்காட்சி நடத்தினர். அதை எதிர்த்து 2019இலேயே ஓவியர் எட் ருஷே உள்ளிட்ட மூவர் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினர். ஓரிடத்திலே உரிமைக் குரலுக்கு மேடை, வேறிடத்திலே முடியாட்சியின் கைகோத்த விழா! ‘என்றும் மறவாதே’யிலும் ஒரு குறை உண்டு. தொல்குடியின் நிலத்தை அது உரக்கச் சொன்னது. அந்நிலத்திலே குடியிருந்து வெளியேற்றப்பட்ட உழைப்பாளரைப் பற்றி அந்த வாசகத்திலே சொல்லில்லை. அதன்முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, நிலத்தின் கதையைக் கேளாமலே போனவர்களும் இருந்திருப்பார்கள்.

2021 செப்டம்பரில் நகர மன்றம் பிரிவு 14இன் மக்களிடம் மன்னிப்புக் கோரியது. 2024 நவம்பரில் 59 இலட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்பியது. சிற்பம்தான் இதைச் செய்தது என்று எழுதினால், சிலை வரந்தரும் என்று நம்புவோருக்கும் நமக்கும் வேற்றுமை இராது. செய்தவர்கள் வீடிழந்த மக்கள், முதுமையிலும் ஓயாது சான்று சொன்னவர்கள், வழக்குரைத்தவர்கள். கலை செய்யக்கூடியது வேறு. மறைக்கப்பட்ட கேள்வியைத் தெருவோரத்திலே, எவரும் கட்டணமின்றிக் காணும்படி நிறுத்துவதே அதன் பணி. அந்தப் பணிக்கு நூறாண்டு தேவையில்லை. இரண்டு மாதம் போதும்.

நிலையாத சிலைக்கு ஒரு தன்மானம் உண்டு. அது மாலை கேட்பதில்லை, நினைவுநாள் கேட்பதில்லை, தன்னைக் காக்கும்படி வருந்தலைமுறைக்கு ஆணையிடுவதில்லை. பார்த்தவன் மனத்திலே கேள்வி தங்கவில்லை என்றால், தன் தோல்வியைத் தானே ஒப்பி மறைந்துவிடும். நிலைத்த சிலைக்கோ அந்தச் சோதனையே இல்லை. எவர் மனத்திலும் இடம்பெறாமலே அது வீதியிலே இடம் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, இளைஞர்களே, எந்த ஊரிலே எந்தச் சிலையைக் கண்டாலும் அதன் உயரத்தை அளக்குமுன் அது நிற்கும் நிலத்தின் கதையைக் கேளுங்கள். நாட்டியவர் யார், அவர் நாட்டியபோது அங்கிருந்து விரட்டப்பட்டவர் யார் என்று கேளுங்கள். நாமே நாட்டிய சிலையானாலும் அந்தக் கேள்விக்கு விலக்கு வேண்டாம். விடை சொல்லும் சிலை நிற்கட்டும். விடை சொல்ல அஞ்சும் சிலை வெண்கலமே ஆனாலும், அதன் காலம் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறது.