தன் குற்றம் கூறும் நூல்

கிரிக்கெட் வீரர் வரலாறுகள் பெரும்பாலும் ஓட்டக் கணக்கோடு நின்றுவிடும். டிரினிடாட்டில் ஆசிரியப் பணியாற்றிய சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘பியாண்ட் எ பவுண்டரி’ அவ்வாறு நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைமை வெள்ளை நிறத்தார்க்கே பெரும்பாலும் உரியதாயிருந்த வழக்கத்தை எதிர்த்து, கறுப்பரான பிராங்க் வொரலுக்காக 1960இல் ஜேம்ஸ் தம் இதழில் வாதாடினார். வொரலும் ஆஸ்திரேலியப் பயணத்திற்குத் தலைவரானார்.

ஆயினும் நூலின் உயிர் அவ்வெற்றியில் இல்லை. கருநிறத்தவரான தாமே இளமையில், லியரி கான்ஸ்டன்டைன் ஆடிய கறுப்பர் கழகமான ஷானனை விடுத்து, மாநிறத்தார் கழகமான மேப்பிளில் சேர்ந்த பிழையை ஜேம்ஸ் மறையாது ஒப்புகிறார். ஆட்ட நுட்பம் அறியாத மாணவர்க்குச் சில பகுதிகள் சுமையாகலாம். எனினும் பிறரைத் திருத்த முனையும் நம்போன்ற ஆசிரியர்க்கு அந்த ஒப்புதல் ஒன்றே போதிய பாடமாகும்.