முக்கோணத் தையலும் ஒற்றை முடிச்சும்

ரத்தக் குழாயில் போட்ட தையலின் அழகு அதன் உட்புறத்தில் இருக்கிறது. வெளியே எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும், உள்ளே விளிம்பு மடிந்து துருத்திக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். தைத்தவரே அந்த உட்புறத்தைப் பார்க்க முடியாது. க்ளாம்ப்பை எடுத்த பிறகு ஓடுகிற ரத்தம்தான் தீர்ப்புச் சொல்லும்.

இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் பிரான்சின் லியோன் நகரத்து அலெக்சிஸ் காரெல். 1894-இல் அந்நாட்டு ஜனாதிபதி சாதி கார்னோ அதே ஊரில் கத்திக்குத்துப்பட்டு, கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரை கிழிந்து இறந்தார். பெரிய குழாய்களை நம்பித் தைக்க அன்று முறை இல்லை. இளைஞர் காரெல் அதை விதியென்று விட்டுவிடவில்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர் அல்லவா, மதாம் லெருடியே என்ற பூத்தையல் கலைஞரிடம் போய் ஊசி பிடிக்கப் பழகினார். 1902-இல் வெளியான அவரது முறையில், குழாயின் வட்டமான வாயில் சம இடைவெளியில் மூன்று நூல்களைப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள், வட்டம் முக்கோணமாகிவிடும். அப்புறம் மூன்று நேர்க்கோடுகளைத் தைத்தால் போதும், எதிர்ச்சுவர் ஊசியில் மாட்டாது. 1912-இல் நோபல் பரிசு. பின்னாளில் இனமேம்பாட்டுவாதம் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். தையல் மேல் அந்தக் கறை இல்லை என்பேன்.

அந்தத் தையலை அடக்கிவிடும் இடம் சிறுநீரகத் தமனி. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. வேகமாக வந்த வண்டி மோதி நிற்கும்போது, கொழுப்புக்குள் தளர்வாக இருக்கும் சிறுநீரகம் ஆடித் தமனியைச் சுண்டி இழுக்கும். வெளிச்சுவர் நீண்டு கொடுக்கும்; உட்படலம் கொடுக்காது. கோட்டு முழுசாக இருக்க, லைனிங் மட்டும் கிழிந்த மாதிரி. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து தமனி அடைபடும். சிறுநீரில் ரத்தம் வராமல்கூடப் போகலாம். சாயம் ஏற்றி எடுத்த சி.டி. படத்தில் ஒரு சிறுநீரகம் ஒளிர, மற்றது இருண்டு கிடக்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

ரத்தமில்லாமல் உடல் சூட்டில் சிறுநீரகம் தாங்குவது சில மணி நேரம். ஆம்புலன்ஸும் ஸ்கேனும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் தையலில் குறையே இல்லாமல், குழாயும் திறந்திருக்க, சிறுநீரகம் மட்டும் சுருங்கிப்போவது நடக்கிறது. சுருங்கியது சும்மாவும் இருக்காது. ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டு, பிறகு அகற்றும்படி ஆவதுண்டு. மற்ற சிறுநீரகம் நன்றாக இருந்து, நோயாளி உயிருக்குப் போராடினால், தைக்க ஆசைப்படாமல் எடுத்துவிடுவதே முறை. இருப்பது ஒன்றே என்றாலோ, இரண்டும் அடிபட்டாலோதான் பிடிவாதமாகத் தைப்பார்கள். உட்படலக் கிழிசல் சிலவற்றுக்கு இப்போது தொடை வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைக்கிறார்கள். ரசிகனுக்கு அதில் பார்க்க அதிகமில்லை, நோயாளிக்கு வயிற்றில் வெட்டு இல்லை.

என் மனம் லயிப்பது இடது சிறுநீரகச் சிரையில். நீளமான சிரை அது; மகாதமனிக்கு முன்னால் குறுக்கே வந்து கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும். வருகிற வழியில் அட்ரீனல் சிரையும், விரையிலிருந்தோ சூலகத்திலிருந்தோ வரும் சிரையும், பெரும்பாலும் முதுகுப்புறச் சிரை ஒன்றும் அதில் சேர்கின்றன. பெருஞ்சிரைக்குப் பக்கத்தில் கிழிந்து ரத்தம் கொட்டினால், தைக்க மெனக்கெடாமல் ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். சிறுநீரகத்து ரத்தம் அந்தக் கிளைகளில் பின்வழியாக ஏறி வெளியேறிவிடும். வலது சிரை குட்டை, அப்படிப்பட்ட கிளைகளும் கிடையாது. அங்கே முடிச்சுப் போட்டால் சிறுநீரகம் போயிற்று. இடதிலும் முடிச்சு, கிளைகள் சேருமிடத்தைத் தாண்டிப் பெருஞ்சிரையை ஒட்டி விழ வேண்டும். அதற்கு முன்னால், சிறுநீரகத்தை ஒட்டி விழுந்தால் இடதும் வலதின் கதிதான்.