கட்டத்துக்குள் அடங்காத கெட்சப் பாட்டில்

பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி எடுத்த தண்ணீர்க் கோபுரப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. மேகம் மூடிய வானம், நிழலே கிடையாது. நேருக்கு நேர் கோணம். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டமாக அடுக்கிவிடுகிறார்கள். ஒரே கிளாஸ், பதினைந்து ஆப்ஜெக்ட். கோடு எழுதுகிறவனுக்குப் பிடிக்காமல் போகுமா? 1990-இல் வெனிஸ் பினாலேயில் இவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. அதுவும் சிற்பத்துக்கு!

ஆனால் அந்தப் படங்களில் ஆளே இல்லை. ஊரும் ஏறக்குறைய இல்லை. அதுதான் பலம் என்பார்கள் ரசிகர்கள். சரிதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு தொட்டியின் வயிறும் இன்னொன்றின் கழுத்தும் கண்ணில் படும். எனக்கு இடறுவது வேறு: கோபுரத்தடியில் குடியிருப்பவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கோபுரம் கிடையாது.

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்தில் காலின்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே புரூக்ஸ் கெட்சப் ஆலைக்காக 1949-இல் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். தொட்டியையே கெட்சப் பாட்டிலாகச் செய்து, மூடியெல்லாம் வைத்து, இரும்புக் கால்கள்மேல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 170 அடி; அதில் 100 அடி கால்தான். கால்களுக்கு வேலை உண்டு: 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம், மோட்டார் நின்றாலும் குழாயில் தண்ணீர் வரும். பாட்டில் மட்டும் சுத்தமான விளம்பரம்.

பாட்டிலில் அடைக்கிற வேலை பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. விளம்பரம் மட்டும் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. 1990களில் அதை இடித்துவிடுவார்களோ என்ற நிலை வந்தபோது ஊர்க்காரர்கள் டி-ஷர்ட் விற்றுக் காசு சேர்த்தார்கள். 1995-இல் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். 2002-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் அது ஏறியது. ஒரு கம்பெனியின் லேபிளை ஊரே தன் முகமாக எடுத்துக்கொண்டது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பாட்டிலை பெஹர் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு சாம்பலாகும், டி-ஷர்ட் விற்றவர்கள் காணாமல் போவார்கள். மிஞ்சுவது ஒரு வடிவம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. பெஹர்கள் படமெடுத்த கட்டுமானங்களில் பல இன்று இல்லை, படம்தான் மிச்சம். 1960களின் கடைசியில் டோர்ட்மண்டின் சோலர்ன் சுரங்க இயந்திரக் கூடத்தை இடிக்கப் பார்த்தபோது, வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. கேமராவுக்கு வெளியே அவர்களும் காலின்ஸ்வில்காரர்கள்தான். அந்தப் பதைப்பில் ஒரு துளி கட்டத்துக்குள்ளும் கசிந்திருக்கலாமே என்பதுதான் என் குறை.