ஆளில்லா நகரம்: ‘ரவுண்ஸ்கேப்பர்’ விளையாட்டுப் பற்றிய ஒரு நோக்கு

கணனி விளையாட்டுக்கள் திறனாய்வுக்குரிய பொருளாக நம்மிடையே இன்னும் போதிய கவனம் பெறவில்லை. அவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோரும், சிறுவரைக் கெடுக்கும் தீங்கெனக் கடிவோருமே பெரும்பாலர். எனினும், கோடிக்கணக்கானோரின் ஓய்வுநேரத்தை ஆட்கொண்டுள்ள ஒரு வடிவம் எத்தகைய உலகினைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாது விடுகின்றது என்ற வினாக்களிலிருந்து தப்புதல் இயலாது. மேனாட்டில் ‘மணற்பெட்டி’ விளையாட்டுக்கள் என வழங்கப்பெறும் வகையினுள், இலக்கும் நெருக்கடியுமின்றி நகரங்களைக் கட்டி மகிழ்வதற்கென அமைந்தவற்றை, ‘ரவுண்ஸ்கேப்பர்’ என்பதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் ஸ்ரோல்பேர்க் உருவாக்கிய இவ்விளையாட்டு 2020 இல் முன்வெளியீடாக வந்து, 2021 இல் முழுமைபெற்றது. திரையில் முதலிற் காணப்படுவது வெறுங்கடலே. ஆடுவோர் ஒரு நிறத்தைத் தெரிந்து கடலைத் தொட்டதும் கற்றளம் எழும். மீண்டுந் தொட அதன்மேல் வீடு எழும். மேலுந் தொடத்தொட மாடிகள் உயரும். ஒரே நிறத்துண்டுகள் அடுத்தடுத்து அமையின் அவை ஒரு கட்டடமாக இணையும். வீடுகளால் ஒரு வெளியைச் சூழ்ந்தால் அவ்விடத்துத் தோட்டம் தோன்றும். பறவைகள் வந்து கூரைகளில் அமரும். பணமில்லை, வரியில்லை, புள்ளிகளில்லை, முடிவுமில்லை. கட்டியதை நீக்கினாலும் தண்டமில்லை.

இதன் தன்மையைத் தெளிவாக உணர, 1989 இல் வில் றைற் ஆக்கிய ‘சிம்சிற்றி’யோடு ஒப்பிடுதல் வேண்டும். அங்கும் இறுதி வெற்றியென ஒன்று வற்புறுத்தப்படுவதில்லை. ஆயினும் ஆடுபவர் நகர முதல்வராகின்றார், வரி விதிக்கின்றார், குடியிருப்பு, வணிகம், கைத்தொழில் என நிலத்தைப் பகுக்கின்றார். மக்களோ தொகைகளாகவும் முறைப்பாடுகளாகவுமே அவர்முன் தோன்றுகின்றனர். இவ்விளையாட்டின் பின்னணியில், அமெரிக்கரான ஜே பொறெஸ்ரர் 1969 இல் வெளியிட்ட நகர இயக்கவியல் நூலின் செல்வாக்கு உண்டு என்பதை றைற்றே ஏற்றுள்ளார். குறைந்த செலவிலான வீடமைப்புத் திட்டங்கள் நகரின் நலிவை மிகுவிக்கும் என்பது அந்நூலின் முடிபுகளுள் ஒன்றாகும். பொறெஸ்ரரின் முடிபுகள் அனைத்தும் விளையாட்டினுட் புகுந்தன என்பது நமது வாதமன்று. நகரமொன்று எவ்வாறு இயங்கும் என்பது பற்றிய ஒரு சார்பான கருத்து, கணிதச் சூத்திரமாக மாற்றப்பட்டதும் இயற்கை விதிபோலத் தோற்றங்கொள்கின்றது. ஆடுபவர் அவ்விதிகளுக்கு இசைந்து வெல்லக் கற்கின்றாரேயன்றி, அவற்றை வினவக் கற்பதில்லை. யதார்த்தம் எனப் போற்றப்படுவது பலவேளைகளில் இத்தகைய கருத்துநிலையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, ‘ரவுண்ஸ்கேப்பர்’ யதார்த்தத்திலிருந்து தப்பியோடுவது என்ற குற்றச்சாட்டை நாம் அவசரப்பட்டு முன்வைத்தல் தகாது. நகர வாழ்வை விளக்குவதாக அது உரிமைகோருவதில்லை. மேலும், ஓய்வினை ஐயக்கண்கொண்டு நோக்குவது முற்போக்குச் சிந்தனையாகாது. தேவையின் நிர்ப்பந்தத்தால் அமையும் உழைப்பு முடிவுறும் இடத்திலேயே சுதந்திரத்தின் எல்லை தொடங்குகின்றது என்றும், வேலைநாளைக் குறுக்குவதே அதற்கு அடிப்படை என்றும், 1894 இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியிலே மார்க்ஸ் கருதினார். இன்றோ விளையாட்டே இன்னொரு வேலையாகியுள்ளது. நாளாந்தப் பணிகள், தவறின் இழக்கும் பரிசில்கள், இடையறாத தரவரிசைகள் என ஓய்வுநேரமும் அளவிடப்படுகின்றது. இந்நிலையில் எதனையும் அளவிடாத ஒரு விளையாட்டை நாடுவோரின் தேவை நியாயமானதே. பிரெஞ்சு அறிஞர் ரொஜர் கெய்வா, 1958 இல் வெளியிட்ட நூலில், விளையாட்டின் இரு முனைகளாகக் கட்டற்ற களிப்பினையும் விதிகளால் ஒழுங்குபட்ட ஆட்டத்தையும் வகுத்துக் காட்டினார். ‘ரவுண்ஸ்கேப்பர்’ முதலாவது முனையைச் சார்ந்தது. அது குறைபாடன்று.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. இந்நகரில் வாயில்கள் உள்ளன; படிகள் உள்ளன; அவற்றிற் புழங்குவோர் எவருமில்லை. கட்டுபவரும் இல்லை. ஒரு தொடுகையில் வீடு எழுவதால் உழைப்பு என்பதே மறைந்துபோகின்றது. இவ்விளையாட்டின் செய்முறை இதனை மேலும் தெளிவாக்கும். ஓரிடத்தில் எத்துண்டு அமையலாம் என்பதை, அயலிலுள்ள துண்டுகளுக்குப் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச்சென்று கணனி துணிகின்றது. சுவர் அயற்சுவரை அறிந்தே வளைகின்றது. கூரை அயற்கூரைக்கேற்ப இறங்குகின்றது. அயலுறவு என்பது கட்டடங்களுக்கு விதியாகவுள்ளது. மனிதருக்கோ அங்கு அயலாரே இல்லை. நெருக்கடியை நீக்குவதற்கு விளையாட்டு கைக்கொண்ட வழி, மனிதரை நீக்குவதாகவே முடிந்துள்ளது.

இலக்கற்ற கட்டுதல் தவிர்க்கவியலாதவாறு தனிமையைக் கோருமா? நமது இலக்கிய மரபு வேறுவிதமாகக் காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலில் வீடுகட்டிச் சிறுசோறு சமைத்து ஆடுகின்றனர். பாட்டுடைத்தலைவனாகிய சிறுவன் அதனைச் சிதைக்க வருகின்றான். சிதையாதே என அவர்கள் வேண்டுகின்றனர். அவ்வாட்டத்திலும் புள்ளிகளில்லை, பரிசில்லை. ஆயின் சேர்ந்து கட்டுவோர் உளர், உண்பதாகப் பாவிப்போர் உளர், சிதைப்பவனும் உளன். மணல்வீடு பொருள்பெறுவது இவ்வுறவுகளினாலேயே. ‘ரவுண்ஸ்கேப்பர்’ நகரைச் சிதைக்க எவரும் வாரார். அதனால் அதனைச் சிதையாதே என வேண்டுதற்கும் இடமில்லை.

கட்டிய நகரை ஒரு குறியீட்டுத் தொடராக மாற்றிப் பிறருக்கு அனுப்பலாம் என்பது உண்மை. பலர் அவ்வாறு செய்கின்றனர். ஓய்வின்போதும் மனிதர் மனிதரையே தேடுகின்றனர் என்பதற்கு அது சான்று. எனினும் பகிரப்படுவது முடிந்த காட்சியே, கட்டும் செயலன்று.

எனவே இத்தகைய விளையாட்டுக்களிடம் நாம் இலக்கினையோ போதனையையோ வேண்டவில்லை. ‘சிம்சிற்றி’யின் வரியேடும் நமக்கு வேண்டியதில்லை. அதிகாரமின்றியும் அவசரமின்றியும் பலர் கூடிக் கட்டும் நகரமொன்றைக் கற்பனை செய்யவியலுமா என்பதே வினா. ஓய்வு என்றதும் ஆளில்லாக் கடற்கரை ஒன்றையே நமது காலம் எண்ணுகின்றதாயின், அக்குறையை ஒரு விளையாட்டின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. பிறரோடு கழிக்கும் நேரமனைத்தும் வேலையும் போட்டியுமாகிவிட்ட ஒரு சமூகத்தின் களைப்பே அதில் வெளிப்படுகின்றது. அக்களைப்பினை அழகாகவும் நேர்மையாகவும் காட்டியமை ‘ரவுண்ஸ்கேப்பரின்’ சிறப்பு. அதற்கு அப்பாற் செல்லாமை அதன் எல்லை.