முதல் வகுப்பு தாசனும் தோற்றுப்போன விஜயனும்

1987-இல் ஹாலிவுட்டில் 'லீத்தல் வெப்பன்' வந்தது. குணம் ஒட்டாத இரண்டு போலீஸ்காரர்களை ஒரே வழக்கில் கட்டிப்போடும் படங்களுக்கு அது ஒரு முன்மாதிரியாகவே ஆகிவிட்டது. அதே ஆண்டில்தான் மலையாளத்தில் ஸ்ரீனிவாசன் எழுதி, சத்யன் அந்திக்காடு இயக்கிய 'நாடோடிக்காற்று' வந்தது. தாசன், விஜயன் என்ற வேலையற்ற இரண்டு இளைஞர்கள் அதன் முடிவில் தமிழ்நாடு போலீசில் சேர்கிறார்கள். மறு ஆண்டு அதன் தொடர்ச்சியாக 'பட்டணப்பிரவேசம்'. 1990-இல் பிரியதர்ஷன் இயக்கத்தில் 'அக்கரெ அக்கரெ அக்கரெ'. இந்த மூன்றாவது படத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

பெரிதாக எதிர்பார்க்க அதில் எதுவும் இல்லை. இயக்குநர் மாறிவிட்டார். வேலையில்லாதவனின் கதை முதல் படத்திலேயே சொல்லித் தீர்ந்தது. திருட்டுப்போன தங்கக் கிரீடத்தைத் தேடி நாயகர்கள் அமெரிக்கா போகிறார்கள் என்றதுமே, ஊர் சுற்றிக்காட்டக் கதை பண்ணியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். துப்பு என்று கையில் இருப்பதோ, பால் பார்பர் என்ற பெயரும் கிழிந்த சட்டைத் துண்டும்தான்.

ஆனாலும் படம் நிற்கிறது. காரணம் கிரீடமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை; இருவருக்கும் இடையிலான பொறாமைதான். தாசன் பி.காம். முதல் வகுப்பு, விஜயன் ப்ரீ டிகிரியில் தோற்றவன். முதல் படத்தில் ஒரே கம்பெனியில் இருவருக்கும் பியூன் வேலைதான், தங்குவதும் ஒரே அறைதான். அப்படியும் தாசன் தன்னை ஒரு படி மேலே வைத்துக்கொள்வான். விஜயன் அதைத் தாங்கமாட்டான், விட்டுப் போகவும் மாட்டான். ஹாலிவுட் ஜோடிகளை நிறமும் வேலை செய்யும் விதமும் பிரிக்கும். இவர்களைப் பிரிப்பது ஒரு மார்க் ஷீட். படித்தும் வேலை கிடைக்காத கேரளத்தின் புண்ணில் ஸ்ரீனிவாசன் கைவைத்த இடம் இது. அரசுச் சம்பளம் வந்த பிறகும் அந்தப் பொறாமை ஆறவில்லை என்பதை மூன்றாவது படம் சரியாகப் பிடித்திருக்கிறது. கிரீடம் தேடப் போன இடத்தில் 'மீன் அவியல் என்னவாயிற்றோ' என்று வரும் கவலை இன்றும் மீமாகச் சுற்றுகிறது. கடமையை விடச் சாப்பாடும் சில்லறை மானமும் பெரிதாகத் தெரியும் மனிதர்களை, தாசனாக மோகன்லாலும் விஜயனாக ஸ்ரீனிவாசனும் கொஞ்சமும் கேலி செய்யாமல் நடித்திருக்கிறார்கள்.

துப்பறியும் கதையாகப் பார்த்தால் படம் தேறாது. ஒரு முடிச்சையும் இவர்கள் அறிவால் அவிழ்ப்பதில்லை. தற்செயல்தான் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறது. நாயகி பார்வதியின் பாத்திரம் நண்பர்கள் போட்டிபோடுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. முதல் படத்தில் கடனுக்கு மாடு வாங்கித் தோற்றவர்களின் பசி, நகைச்சுவைக்கு அடியில் கனமாகக் கிடந்தது. சம்பளக்காரர்களான பின் தோல்வியால் அவர்கள் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. சிரிக்கிறோம், ஆனால் அவர்களுக்காகப் பதறுவதில்லை.

பாலராமபுரத்தின் ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு நெசவாளர் வீடுகளிலும், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லை ஊர்களிலும் இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், களியக்காவிளை தாண்டினால் மறுபடி தமிழ் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். 'நாடோடிக்காற்'றில் படகுக்காரர் கஃபூர்க்கா துபாய் என்று சொல்லி இறக்கிவிட்ட கரையில், தாசனும் விஜயனும் அரபு அங்கியோடு நடந்து போகிறார்கள். எங்கு பார்த்தாலும் தமிழ்ப் பலகைகள். அப்போதுதான் வந்திருப்பது மெட்ராஸ் என்று விளங்குகிறது. இரண்டு எழுத்தும் தெரிந்த எல்லைக்காரன் அந்தப் பலகையை நாயகர்களுக்கு முன்பே படித்துவிடுவான். ஏமாற்றம் தன் கண்முன் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான். அந்தக் காட்சி அவனுக்கு இரட்டிப்பாக வேலை செய்கிறது.

அத்தனை வளமான விஷயத்தைத் தொடர் அங்கேயே விட்டுவிட்டது. தமிழ்நாடு போலீசில் சேர்ந்த இரண்டு மலையாளிகள், வழக்கை விசாரிக்கக் கேரளத்துக்கே அனுப்பப்படுகிறார்கள் என்பது 'பட்டணப்பிரவேச'த்தின் கரு. எந்த ஊரில் இவர்கள் வெளியூர்க்காரர்கள் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத் தொடாமல் ஆள்மாறாட்டத்துக்குப் போனார்கள். அடுத்த படத்தில் கடல் தாண்டியும் போய்விட்டார்கள். மெட்ராஸ் ஸ்டேஷன் ஒன்றில், தமிழில் எழுதிவந்த ஒரு புகாரைப் படிக்கத் தெரியாமல் முதல் வகுப்பு தாசன் விஜயனிடம் கெத்தை விடாமல் சமாளிக்கும் காட்சியை ஸ்ரீனிவாசன் எழுதியிருந்தால், கிரீடத்துக்கு அவசியமே இருந்திருக்காது.