மாக்கியவெல்லியும் மக்களும்

ஓர் ஆசிரியனுடைய பெயர், அவனுடைய நூலைப் படியாதார் வாயிலும் வசைச்சொல்லாய் வழங்குமாயின், அவ்வசையினால் நயம் பெற்றவர் யாவர் என்று கேட்பது திறனாய்வாளன் கடமையாகும். நிக்கோலோ மாக்கியவெல்லி (1469–1527) அத்தகைய பெயர் பெற்றவர். வஞ்சகம், நம்பிக்கைத் துரோகம், இரக்கமின்மை ஆகிய யாவற்றுக்கும் ஐரோப்பிய மொழிகளிலே அவர் பெயரே அடைமொழியாயிற்று. மார்லோ எழுதிய 'மால்ட்டாவின் யூதன்' என்னும் ஆங்கில நாடகத்திலே முன்னுரை கூறுவதற்கு அவரே ஒரு பாத்திரமாக மேடையேறுகிறார். 1559ஆம் ஆண்டிலே பாப்பரசர் நான்காம் பவுல் வெளியிட்ட விலக்கு நூற்பட்டியல் அவருடைய நூல்கள் அனைத்தையும் தடைசெய்தது.

ஆனால் அவரைக் கண்டித்தவர்களின் ஒழுக்கத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். பிரஷ்யாவின் பட்டத்து இளவரசனாயிருந்த பிரெடெரிக், மாக்கியவெல்லியின் கருத்துக்களை மறுத்து ஒரு நூல் எழுதினான். அது 1740இலே வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அரியணை ஏறிய அவன், அவ்வாண்டு டிசம்பரிலேயே சிலேசியாவின்மீது படையெடுத்து அதனைக் கைப்பற்ற முற்பட்டான். அரசர்களுக்குச் சினமூட்டியது அச்செயல்கள் அல்ல; அச்செயல்களை ஒருவர் எழுத்தில் வடித்து யாவரும் காண வைத்தமையே.

எனினும், தூற்றுவோருக்கு மறுமொழி கூறுவதோடு நம் பணி முடிந்துவிடுவதில்லை. மாக்கியவெல்லியைப் போற்றுவோரும் ஒரு வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். தம் காலத்துச் சாதாரண மக்களை அவர் எவ்வாறு நோக்கினார்? அவர்களிடம் எதனைக் கேட்டார்? அவர்களுக்கு எதனைக் கொடுக்க முன்வந்தார்? அவருடைய மேதையின் பெருமையும் அதன் எல்லையும் இவ்வினாவிலேயே தெளிவாகின்றன.

அவர் பிறந்த புளோரன்ஸ், கம்பளித் தொழிலாலும் பட்டுத் தொழிலாலும் வட்டித் தொழிலாலும் செழித்த நகரம். பெயரளவிலே குடியரசு, உண்மையிலே மெடிச்சி என்னும் வணிகக் குடும்பத்தின் ஆட்சி. இத்தாலியோ ஒன்றுபட்ட நாடன்று. வெனிஸ், மிலான், புளோரன்ஸ், பாப்பரசரின் ஆட்சிப்புலம், நேப்பிள்ஸ் என்னும் ஐந்து வல்லமைகள் ஒன்றையொன்று ஐயுற்று வாழ்ந்தன. 1494இலே பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் படையுடன் இறங்கியபோது, ஓவியத்திலும் சிற்பத்திலும் உலகை வியக்கவைத்த அந்நாடு தன்னைக் காத்துக்கொள்ள வலியற்றது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. மெடிச்சிகள் துரத்தப்பட்டனர். சவனரோலா என்னும் துறவியின் செல்வாக்கு ஓங்கி, 1498இலே அவரைத் தூக்கிலிட்டு எரித்ததோடு முடிந்தது. அதே ஆண்டிலே, 29 வயதினரான மாக்கியவெல்லி குடியரசின் இரண்டாம் செயலகத்துத் தலைவராக நியமனம் பெற்றார்.

அவர் செல்வர் அல்லர். அவர் தந்தை பெர்னார்டோ, லிவியின் உரோம வரலாற்றுக்கு இடப்பெயர் அகராதி ஒன்றை அச்சகத்தாருக்குத் தொகுத்துக் கொடுத்து, கூலியாக அந்நூலின் பிரதியொன்றைப் பெற்றவர். உழைப்பால் வீட்டுக்கு வந்த அந்நூலே மகனின் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

பதினான்கு ஆண்டுகள் அவர் குடியரசுக்குத் தூது சென்றார், கடிதம் வரைந்தார், படை திரட்டினார். கூலிப்படைத் தலைவர்களின் இயல்பை நேரிலே கண்டார். 1499இலே பீசா நகரின் மதில் உடைந்த பின்னரும் தாக்குதலை நிறுத்திவிட்டான் என்ற குற்றத்திற்காக பாவ்லோ வித்தெல்லி என்னும் படைத்தலைவனுக்குப் புளோரன்ஸ் மரணதண்டனை விதித்தது. பணத்துக்குப் போர் செய்பவன் போரை முடிக்க விரும்பான் என்னும் உண்மை அவர் உள்ளத்திலே ஆழப் பதிந்தது. 1502ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, சினிகாலியா என்னும் ஊரில், செசாரே போர்ஜியா தன்னோடு சமாதானம் பேச வந்த படைத்தலைவர்களைப் பிடித்து இருவரைக் கழுத்து நெரித்துக் கொல்வித்த காலத்தில், மாக்கியவெல்லி தூதராக அவன் பாசறையில் இருந்தார். 'இளவரசன்' கற்பனையிற் பிறந்த நூலன்று.

1512இலே ஸ்பானியப் படையின் துணையோடு மெடிச்சிகள் மீண்டனர். மாக்கியவெல்லி பதவி இழந்தார். 1513 பெப்ருவரியில், சதியிலே பங்குகொண்டார் என்ற ஐயத்தின் பேரிற் சிறையிலிடப்பட்டார். கைகளைப் பின்னே பிணித்து, கயிற்றினால் உயரத் தூக்கித் திடீரென விழவிடும் சித்திரவதைக்கு ஆளானார். மெடிச்சிக் குடும்பத்தவர் ஒருவர் பத்தாம் லியோ என்னும் பாப்பரசரானபோது அளித்த பொதுமன்னிப்பால் விடுதலை பெற்று, நகருக்கு வெளியேயுள்ள தம் சிறு பண்ணையை அடைந்தார். அவ்வாண்டிலேயே 'இளவரசன்' உருப்பெற்றது. சித்திரவதை செய்த குடும்பத்துக்கே அதனைக் காணிக்கையாக்கினார். வேலை தேடும் ஏழ்மையும், இத்தாலியை அந்நியரிடமிருந்து மீட்கும் ஆவலும் அந்நூலிற் பிரிக்கவொண்ணாது கலந்துள்ளன.

நடையைப் பொறுத்தவரையிலும் அந்நூல் புதுமையானது. கற்றோர் இலத்தீனிலே எழுதுதல் பெருமையெனக் கருதிய சூழலில், அவர் தம் மக்கள் பேசிய மொழியிலே எழுதினார். சொல்லலங்காரம் எதுவும் நூலிலே சேர்க்கவில்லை என்பதைக் காணிக்கை உரையிலேயே கூறிவிடுகிறார். அரசன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அறம் உரைத்த நூல்கள் அக்காலத்திற் பல. அரசன் எவ்வாறு இருக்கின்றான் என்று ஆராய்ந்ததே அவருடைய வேறுபாடு. அவ்வாராய்ச்சியிலேதான் ஒன்பதாம் அதிகாரத்தின் முடிபு எழுகின்றது: பெருந்தனக்காரர் ஒடுக்க விரும்புகின்றனர்; மக்களோ ஒடுக்கப்படாதிருக்க மட்டுமே விரும்புகின்றனர்; ஆதலின் மக்களின் நோக்கமே நேர்மையானது.

'லிவி பற்றிய உரைகள்' என்னும் நூலிலே அவர் மேலும் துணிந்து செல்கிறார். உழையாது நிலவருவாயில் உண்டு களிக்கும் பிரபுக்கள், சுதந்திர வாழ்வு நிலவும் எந்நாட்டுக்கும் பகைவர் என்கிறார். மன்னனைவிட மக்கள் திரள் அறிவும் உறுதியும் உடையது என்று வாதிடுகிறார். உரோமாபுரியின் பெருமை உள்நாட்டு அமைதியால் வந்ததன்று, பொதுமக்களுக்கும் செனட் சபையாருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தால் வந்தது என்பது அவர் துணிபு. ஒற்றுமை என்னும் பெயரால் முரண்பாட்டை மூடிமறைக்கும் வழக்கம் மேலோங்கிய காலத்திலே இவ்வாறு எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆயின், அவருடைய கொள்கையைச் செயலோடு ஒப்புநோக்கும்போது ஒரு பெரும் இடைவெளி தோன்றுகிறது. 1506 டிசம்பரிலே, அவருடைய முயற்சியால் புளோரன்ஸ் ஒரு குடிப்படையை நிறுவியது. கூலிப்படையை நீக்கிச் சொந்த மக்களைக் கொண்டே நாட்டைக் காக்கும் உயர்ந்த எண்ணம் அது. 1509இலே பீசா மீட்கப்பட்டபோது அப்படையும் முற்றுகையிலே பங்குகொண்டது. ஆனால் ஈட்டி ஏந்தியவர் யாவர்? நகரத்துக் குடிமக்கள் அல்லர், சுற்றுப்புறத்து உழவர்கள். குடியரசின் பேரவையில் அமரும் உரிமை நகரத்தாருள் ஏறக்குறைய 3,000 பேருக்கே இருந்தது. உழவனுக்கோ அவ்வாயிலில் நிற்கவும் உரிமையில்லை. வரி அவனுடையது, உயிர் அவனுடையது, வாக்கு மட்டும் அவனுடையதன்று. போதாக்குறைக்கு, நாட்டுப்புறத்தைக் கட்டுப்படுத்தவும் அப்படையை நடத்தவும் தெரிந்தெடுக்கப்பட்டவன், போர்ஜியாவின் கொலைக்கருவியாய் விளங்கிய டொன் மிக்கெலே என்பான்.

1512 ஆகஸ்டிலே பிராட்டோ நகரில் இப்படை ஸ்பானியக் காலாட்படையை எதிர்நோக்கியது. மதில் உடைந்ததும் குடிப்படையினர் சிதறி ஓடினர். நகரம் சூறையாடப்பட்டது, பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். குடியரசும் வீழ்ந்தது. பயிற்சிக் குறைவும் எதிரியின் அனுபவமும் காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அது மெய்யே. ஆனால், தனக்குப் பங்கில்லாத குடியரசுக்காக அவ்வுழவன் உயிர்கொடுத்து நிற்பதற்கு என்ன காரணம் இருந்தது என்னும் கேள்வியையும் நாம் கேட்டல் வேண்டும்.

வியப்பு யாதெனின், இக்கேள்விக்கு விடை மாக்கியவெல்லியின் நூலிலேயே உண்டு. பொதுமக்களின் கையிலே படைக்கலம் கொடுக்க விரும்பிய உரோமாபுரி, அவர்களுக்கு அதிகாரத்திலும் பங்களிக்க நேர்ந்தது என்று 'உரைகளின்' முதற் பகுதியிலேயே அவர் விளக்குகிறார். பண்டை உரோமப் பாமரனுக்குப் பொருந்திய அவ்விதியைத் தஸ்கனி உழவனுக்கு அவர் பொருத்திப் பார்த்தாரல்லர். 1521இலே அச்சேறிய 'போர்க்கலை' என்னும் நூலிலும் குடிப்படைக்காக விரிவாக வாதாடுகிறார். உழவனின் உரிமைக்காக வாதாடினாரில்லை.

1513 டிசம்பர் 10ஆம் நாள் நண்பர் வெட்டோரிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் இதனை நன்கு காட்டுகின்றது. பகலிலே சாவடிக்காரன், இறைச்சிக்காரன், மாவரைப்பவன், சூளைக்காரர் இருவர் ஆகியோருடன் சீட்டாடிச் சிறு காசுக்குச் சச்சரவிடுகிறார். மாலையிலே சேறு படிந்த உடையை வாயிலிற் களைந்து, அரசவைக்குரிய உடை தரித்து, பண்டைப் பெரியோரின் நூல்களோடு உரையாடப் புகுகிறார். இக்காட்சியின் அழகைப் பலர் பாராட்டியுள்ளனர். வாயிலிலே களையப்பட்ட சேற்றோடு அச்சூளைக்காரரும் வெளியே நின்றுவிட்டனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எனினும் அவர்களின் குரல் அவர் செவியில் விழாமலில்லை. மெடிச்சிக் கர்தினாலின் வேண்டுகோளால் எழுதிய 'புளோரன்ஸ் வரலாறு' நூலிலே, 1378ஆம் ஆண்டின் கம்பளித் தொழிலாளர் எழுச்சியைக் கூறுமிடத்து, பெயரில்லாத் தொழிலாளி ஒருவன் வாயில் ஒரு சொற்பொழிவை வைக்கிறார். உடையை மாற்றிவிட்டாற் செல்வனுக்கும் ஏழைக்கும் வேற்றுமையில்லை. பெருஞ்செல்வம் வஞ்சகத்தாலோ வன்முறையாலோ ஈட்டப்பட்டது என்பது அதன் சாரம். ஆசிரியர் அவ்வெழுச்சியை ஆதரிக்கவில்லை. எனினும் அதன் வாதத்தை இத்துணை வலிமையோடு எழுத அவருடைய கலைநேர்மை இடங்கொடுத்தது. அந்நூலைப் பாப்பரசர் ஏழாம் கிளெமென்டுவிடம் அவர் கையளித்தது 1525இலே. அதே ஆண்டிலேதான் அல்ப்ஸ் மலைக்கு அப்பால் ஜெர்மன் உழவர்கள் உரிமை கேட்டெழுந்து இரத்த வெள்ளத்தில் அழிக்கப்பட்டனர்.

முசோலினியின் சிறையிலிருந்து எழுதிய கிராம்சி, ஆள்வோர்க்கு இவ்வரசியல் நுட்பங்கள் முன்னரே தெரியும். ஆதலின் நூல் தெரியாதார்க்கே உரியது என்று கொண்டார். குடிப்படைத் திட்டத்திலே உழவர் திரளை அரசியல் வாழ்விற் புகுத்தும் நோக்கையும் கண்டார். அந்நோக்கின் வித்து அங்கு இருந்ததென்பதை மறுக்கவியலாது. ஆனால் வித்தை முளைக்கவிடாத நிலமும் அதே குடியரசுதான்.

1527 மே மாதம் மெடிச்சிகள் மீண்டும் துரத்தப்பட்டனர். மீண்ட குடியரசு, மெடிச்சிகளிடம் ஊதியம் பெற்றவர் என்று ஐயுற்று அவருக்குப் பதவி அளிக்கவில்லை. ஜூன் 21இல் அவர் இறந்தார். 'இளவரசன்' அச்சேறியது 1532இலே.

மாக்கியவெல்லியை வஞ்சகத்தின் ஆசான் என்று ஒதுக்குதல் அறியாமை. மக்களாட்சியின் தூதர் என்று கொண்டாடுதல் மிகை. ஆள்வோரின் முகத்திரையை அகற்றியவர் அவர். மக்களின் வலிமையைக் கண்டவரும் அவரே. ஆனால் அவ்வலிமையைப் போர்க்களத்துக்கு அழைத்தவர், பேரவைக்கு அழைக்கவில்லை. மக்களின் பெயராற் பேசும் எவரிடத்தும், இவர் மக்களை எதற்கு அழைக்கிறார் என்று கேட்க நாம் பழகிக்கொள்ளுதல் வேண்டும். அக்கேள்வியைக் கற்பதற்கு மாக்கியவெல்லியின் நூல்களைவிடச் சிறந்த பாடநூல்கள் சிலவே உள்ளன.